நம்மிடம் தங்கக் கூடாதவை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் நடத்திவரும் ஜெராக்ஸ் கடைக்கு வரும் காகிதங்களை யாராவது ஓராண்டு சேர்த்துவைத்தால், சுற்றியுள்ள தெருக்களின் அந்தரங்கம் முழுவதும் அவர் கைக்கு வந்துவிடும். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், பட்டா, நகைக்கடன் ரசீது, ஸ்கேன் அறிக்கை, குடும்ப நல நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டிய மனு என எல்லாமே இங்கே வந்துதான் இரண்டாகவும் மூன்றாகவும் ஆகின்றன. டிஜிட்டல் காலத்தில் கொள்கையோடு வாழ்வது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியை எத்தனை மணி நேரம் பார்க்கிறோம், சமூக ஊடகங்களில் என்ன எழுதுகிறோம் என்பவற்றைப் பற்றியே பேசுகிறார்கள். அவையும் பேச வேண்டியவைதாம். ஆனால் என் தொழிலில் நின்று பார்க்கும்போது கேள்வி வேறாக இருக்கிறது. பிறர் நம்பி நம்மிடம் நீட்டுகிற விவரங்கள், வேலை முடிந்த பிறகும் நம்மிடமே தங்கிவிடுகின்றனவா என்பதுதான் அது.

முன்பெல்லாம் வாடிக்கையாளர் அசலைக் கொண்டுவருவார். நகல் எடுத்ததும் இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இப்போது பெரும்பாலானோர் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தை அனுப்பிவிட்டு, "அண்ணே, அனுப்பியிருக்கேன், ரெண்டு காப்பி போடுங்க" என்கிறார்கள். காசு கொடுத்துவிட்டு அவர் போய்விடுகிறார், படம் போவதில்லை. தானாகப் பதிவிறங்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அது கைப்பேசியின் கேலரிக்குள் சேர்கிறது. அந்தக் கோப்புறைக்குக் கூகுள் போட்டோஸ் காப்புப்பிரதியும் இயக்கப்பட்டிருந்தால் இணையச் சேமிப்பகத்துக்குப் போகிறது. அச்சடிப்பதற்காக வாட்ஸ்அப் வெப் வழியே கணினியில் திறக்கும்போது, டவுன்லோட்ஸ் கோப்புறையில் இன்னொரு பிரதி விழுகிறது. இங்கே யாரும் திருடவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. ஆயினும் ஒரு பெண்மணியின் முகம், பிறந்த தேதி, முகவரி, அடையாள எண் ஆகிய நான்கும் அவருக்குத் தெரியாத இடங்களில் அவருக்குத் தெரியாமலேயே கிடக்கின்றன. இதைத் தற்செயல் என்று சொல்லித் தள்ளிவிட என்னால் முடியவில்லை. கடையைத் திறந்துவைத்திருப்பவன் நான்; அங்கே எது தங்குகிறது என்பதற்குப் பொறுப்பும் நான்தான்.

அதனால் சில நடைமுறைகளை வைத்திருக்கிறேன். கடைக் கைப்பேசியில் தானாகப் பதிவிறங்குவதையும் காப்புப்பிரதியையும் நிறுத்திவைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்கும் உரையாடல்களில் செய்திகள் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்படி அமைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் தாமே கணினியில் உட்கார்ந்து மின்னஞ்சலையோ வாட்ஸ்அப் வெப்பையோ திறக்க வேண்டியிருந்தால், மூடியதும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத தனிப்பட்ட சாளரத்தில்தான் திறந்து கொடுக்கிறேன். எழுந்து போகும்போது அவருடைய கைப்பேசியில் இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலை அவரே பார்த்து வெளியேறிவிட்டதை உறுதி செய்துகொள்ளச் சொல்கிறேன். முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு, கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கித் தருகிறேன். ஆதாரை வழங்கும் அடையாள ஆணையத்தின் தளத்திலேயே அந்த வசதி இருக்கிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. இவை எதற்கும் பெரிய தொழில்நுட்ப அறிவு வேண்டியதில்லை. மாலையில் ஷட்டரை இறக்குவதற்கு முன்பு கோப்புறைகளைக் காலிசெய்யச் சில நிமிடங்கள் ஒதுக்க வேண்டும், அவ்வளவே.

காகிதமும் இதே அளவு கவலை தருவது. கோணலாக விழுந்த நகல்கள், மை மங்கிய நகல்கள் என்று நாள்தோறும் ஒரு கட்டு சேர்ந்துவிடும். அவை பழைய பேப்பர் கடைக்குப் போனால் அங்கிருந்து பஜ்ஜிக் கடைக்குப் போகும். வடை மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்தால் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு எண்ணும் கையெழுத்தும் எண்ணெயில் ஊறியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இயந்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அலுவலகங்களில் ஓடிப் பிறகு ரீகண்டிஷன் செய்யப்பட்டுக் கடைகளுக்கு வரும் பெரிய டிஜிட்டல் நகல் இயந்திரங்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு. இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்து, நகலெடுத்த பக்கங்களும் அச்சுக்கு அனுப்பிய கோப்புகளும் அதில் தங்கிவிடக்கூடும். இயந்திரத்தைப் பழைய விலைக்குத் தள்ளிவிடும்போது அந்த வட்டை அழிக்காமல் கொடுத்தால், தெரு முழுவதன் ஆவணங்களையும் சேர்த்து விற்றதாகவே பொருள். இயந்திரத்தைப் பழுதுபார்க்க வருகிறவரிடம், வாங்கும்போது ஒரு முறையும் விற்கும்போது ஒரு முறையும் வட்டை அழித்துத் தரும்படி கேட்பது கடைக்காரரின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

"என் ஆதாரை வச்சு என்ன பண்ணிடப் போறாங்க தம்பி, பேங்குல பணமா இருக்கு?" என்று வயதானவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சஞ்சார் சாத்தி தளத்தைத் திறந்து காட்டுகிறேன். தொலைத்தொடர்புத் துறை 2023-இல் தொடங்கிய அந்தத் தளத்தில், நம்முடைய பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை இருக்கலாம் என்பது நாட்டின் பெரும்பகுதிக்கான விதி. தாம் வாங்காத ஓர் எண்ணை அந்தப் பட்டியலில் பார்த்தவரின் முகம் மாறுவதைக் கண்ட பிறகு, நகல் ஒன்று கைமாறிப் போவது சின்ன விஷயம் என்று நான் எண்ணியதே இல்லை. பண மோசடி நடந்துவிட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இந்த மாவட்டத்துக்காரன், எந்த விவரமும் கேளாமல் உதவுவதைப் பற்றிப் பேசும்போது வடலூரை நினைக்காமல் இருக்க முடியாது. 1867-இல் வள்ளலார் அங்கே தொடங்கிய சத்திய தருமச்சாலையில் இன்றும் அடுப்பு அணைவதில்லை. பசியோடு வந்தவரிடம் பெயரோ சாதியோ மதமோ கேட்பதில்லை. வந்தவரின் பசி ஒன்றே போதுமான தகுதி. தைப்பூசத்துக்கு அங்கே போய்வரும் ஒவ்வொரு முறையும் என் மனத்தில் தைப்பது இந்த ஒன்றுதான். ஒருவருக்கு உதவுவதற்கு அவரைப் பற்றி நாம் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும்? பெரும்பாலும் நாம் கேட்பதைவிட மிகக் குறைவாகவே. படிவத்தில் நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களை எல்லாம் நிரப்பியே தீர வேண்டும் என்று நினைத்துத் தாயின் வருமானத்தையும் தம்பியின் எண்ணையும் சொல்லத் தொடங்குகிறவர்களை நான் நிறுத்திவிடுகிறேன். கேட்கப்படாததைக் கொடுக்க வேண்டாம். கேட்டாலும் கட்டாயமில்லாததைக் கொடுப்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்கலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் கடைக்கு வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பின்னர் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் வந்து உப்பலவாடி, கண்டக்காடு, நாணமேடு பகுதிகளை மூழ்கடித்த நாட்களில், நிவாரணம் கொடுத்தவர்களில் ஒருவர் நன்றிப் பதாகை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார். அரிசிப் பையை வாங்கும் பெண்களின் முகங்கள் வரிசையாக இருந்தன. அவர்கள் சம்மதித்தார்களா என்று கேட்டேன். "உதவிதானே செஞ்சோம் அண்ணே" என்றார். அவர் செய்த உதவி பெரிது, அதில் எனக்கு ஐயமில்லை. முழங்கால் அளவு சேற்றில் நடந்து கொடுத்துவிட்டு வந்தவர் அவர். ஆனால் வீட்டை இழந்து நிற்கும் நேரத்தில் எடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் முகம், அவள் மகளின் பள்ளித் தோழிகள் வரை கைப்பேசி வழியே போய்ச் சேரும். முகங்களை நீக்கி, பொருட்களின் படத்தை மட்டும் வைத்து வடிவமைத்துத் தருவதாகச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு அவர் ஒத்துக்கொண்டார்.

அதே வெள்ளம் என் நடைமுறையையும் சோதித்தது. ஆவணங்கள் எல்லாம் நீரில் போய்விட்டன என்று வந்தவர்களில் சிலர், "போன மாசம் உங்க நம்பருக்கு அனுப்பினேனே, அதை எடுத்துக் கொடுங்க" என்று கேட்டார்கள். என்னிடம் இருக்கவில்லை. அழிக்காமல் வைத்திருந்தால் அந்த நேரத்தில் உதவியிருக்குமே என்ற எண்ணம் மனத்தை உறுத்தாமல் இல்லை. பலநாள் யோசித்தும் நான் வந்து நிற்கும் முடிவு மாறவில்லை: ஒருவருடைய ஆவணம் காக்கப்பட வேண்டிய இடம் அவருடைய கை, என் கைப்பேசி அல்ல. ஆகவே அன்று வந்தவர்களுக்கு அவர்களுடைய எண்ணிலேயே டிஜிலாக்கர் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தேன். ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை வழங்கிய துறையிடமிருந்தே நேராகப் பெற்றுக்கொள்ள 2015-இலிருந்து இருக்கும் வசதி அது. ஆதாரோடு இணைத்த எண்ணைக் கைவிட்டு வேறு எண்ணுக்கு மாறியவர்களுக்குத்தான் அது கைகொடுக்கவில்லை. ஆதார் சேவை மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டு வர வேண்டியிருந்தது. வெள்ளத்தில் நின்றவர்களுக்கு அது ஓர் அலைச்சல். அப்போதிருந்து, கடைக்கு வருகிறவர்களிடம் உங்கள் எண் ஆதாரோடு பொருந்துகிறதா என்று கேட்டுவைப்பதை வழக்கமாக்கியிருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் செய்துகொள்ள வேண்டிய வேலைகளில் இதுவும் ஒன்று, கடலூரில் இருக்கிறவர்களுக்கு.

விவரங்களுக்கு விலை உண்டு என்பதும் இந்தத் தொழிலில் தெரியவரும். கடன், காப்பீடு விற்கும் ஒருவர், ஓய்வூதியர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் கொண்ட பட்டியல் தந்தால் பெயருக்கு இவ்வளவு என்று தருவதாகச் சொன்னார். அவர் சொன்ன தொகை கடை வாடகைக்கு உதவக்கூடியதுதான். மறுத்துவிட்டேன். நவம்பரில் உயிர்ச்சான்று கொடுப்பதற்காக வரும் பெரியவர்கள் கைப்பேசியையே என் கையில் கொடுத்துவிட்டு, வந்த ஓடிபியை வரிசையில் நிற்கும் அனைவரும் கேட்கும்படி வாசிக்கிறார்கள். அந்த நம்பிக்கையை விலைக்கு விற்பது, கோயிலில் செருப்புப் பாதுகாக்க உட்கார்ந்தவன் செருப்பை விற்பதைப் போன்றது. அவர்களிடம், "ஓடிபியை நீங்களே போடுங்க ஐயா, நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லித் திரும்பி நிற்கிறேன். நடுங்கும் விரலோடு அவர்கள் ஆறு இலக்கங்களைத் தட்ட நேரமாகிறது, வரிசை நீள்கிறது, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடுப்பது என் வேலையின் பகுதி.

மென்பொருள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உரிமம் வாங்காமல் உடைத்த விண்டோஸும் உடைத்த போட்டோஷாப்பும் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது உண்மையில்லை. என் கணினிகளில், யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட லினக்ஸ் ஓடுகிறது. கடிதங்களுக்கு லிப்ரே ஆபீஸ், பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்குக் கிம்ப், பதாகைகளுக்கு இங்க்ஸ்கேப். பிறர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது ஒரு காரணம். உடைத்த மென்பொருளோடு எது உள்ளே வருகிறது என்று யாருக்கும் தெரியாது, அதே கணினியில்தான் ஊராரின் ஆவணங்களைத் திறக்கிறோம் என்பது அதைவிடப் பெரிய காரணம். சில அரசுச் சேவைகளுக்கான செயலிகள் லினக்ஸில் இல்லை. உயிர்ச்சான்றுக்கான செயலியும் அவற்றில் ஒன்று. அதற்கென்று ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் தனியாக வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பையும் விட்டுவிட முடியவில்லை. வாடிக்கையாளர் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். முழுத் தூய்மையை விரும்பிக் கடையைப் பூட்டிவிட்டால், இதே காகிதங்கள் இந்தக் கவனம் இல்லாத வேறோர் இடத்துக்குத்தான் போகும்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் வந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான விவரத்தை மட்டும் சம்மதத்தோடு பெற வேண்டும், நோக்கம் நிறைவேறியதும் அழிக்க வேண்டும் என்கிறது. கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதைச் சொன்னபோது, "நாம ஏற்கெனவே செய்யறதுதானே அண்ணே" என்றாள். அவளுக்கு அது சட்டமாக இல்லாமல் வேலைப் பழக்கமாகவே வந்துசேர்ந்திருப்பதில் எனக்கு நிறைவு.

இப்போது எங்கள் கடைத்தெருவில் உள்ள மற்ற ஜெராக்ஸ் கடைக்காரர்களோடும் பேசத் தொடங்கியிருக்கிறேன். கைப்பேசி அமைப்புகளை மாற்றிக்கொள்ள இருவர் உடனே ஒப்புக்கொண்டார்கள். வீணான நகல்களைப் பழைய பேப்பருக்குப் போடாமல் நிறுத்துவதுதான் அவர்களுக்குத் தயக்கமாக இருக்கிறது, அதில் கிடைக்கும் சிறு காசும் மாதச் செலவில் ஒரு பங்கு என்பதால். துண்டாக்கிய தாளையும் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வாரா என்று பேப்பர்காரரிடம் கேட்டிருக்கிறோம். எடுத்துக்கொள்வார் என்றால், தாளைத் துண்டாக்கும் இயந்திரம் ஒன்றைப் பங்கு போட்டு வாங்கி என் கடையில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருக்கிறோம்.