கோவை மாநகராட்சி: ஓராண்டுக்குள் மாறிய பிடி

2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அள்ளிய அதிமுக கூட்டணியின் கோட்டை, ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த மாநகராட்சித் தேர்தலில் சரிந்தது. 100 வார்டுகளில் அதிமுகவுக்குக் கிடைத்தவை 3 மட்டுமே. அதுவும் முந்தைய உள்ளாட்சித் துறை அமைச்சர் எஸ்.பி. வேலுமணியின் சொந்த மாவட்டத்தில்!

2016 முதல் கவுன்சிலர்களே இல்லாமல் அதிகாரிகளின் கையில் இருந்த நிர்வாகம், இத்தேர்தலுக்குப் பிறகே மக்கள் பிரதிநிதிகளிடம் திரும்பியது என்பது ஆறுதல்தான். ஆனால், மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் முறையில், வேட்பாளரை முடிவு செய்வது என்னவோ கட்சித் தலைமைதான். 2024 ஜூலையில் மேயர் கல்பனா ஆனந்தகுமார் பதவி விலகியபோது, வாக்காளர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அடுத்த மாதமே ரங்கநாயகி மேயரானார்.