ரூமுக்கு நடுவுல பேஸ் இல்ல

என் பாட்டு செட்டுல பேஸ், அதான் அடி சத்தம், சரியா வரல. நாலு மாசமா எனக்கு ஒரே யோசனை, ஆம்ப்ப (ஸ்பீக்கருக்கு சத்தத்த பெருக்கி குடுக்குற பெட்டி) மாத்தணும், இன்னும் கூட வாட்ஸ் உள்ளது வாங்கணும்னு. ஹட்டன்ல இருந்து கொழும்புக்கு போற நேரமெல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல கடை கடையா ஏறி இறங்கி விலை கேட்டுட்டு வருவேன், சல்லி சேரல. சேராம இருந்தது நல்லதுக்குத்தான்.

எங்களது தோட்டத்து லயத்துல (ஒரே வரிசையா ஒட்டின வீடுக) கடைசி வீடு, முன் காம்பரா பத்துக்கு பன்னெண்டு அடி, மேல தகரம். டவுன்ல ரேடியோ திருத்துற அண்ணே ஒரு ஞாயித்துக்கெழம வந்தாரு, வந்ததும் பாட்டு கேக்கல, ஆம்ப் மேல கைய வச்சாரு. "தம்பி, இது ஏன் இப்படி கொதிக்குது?" பின்பக்கம் 4–8 ஓம்னு போட்டிருக்கு, அது தாங்குற ஸ்பீக்கர் தடையோட அளவு. நான் ஒவ்வொரு பக்கமும் 4 ஓம் ஸ்பீக்கர் பெட்டி ரெண்ட பேரலலா (பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ்) குடுத்திருக்கேன், அப்ப ஆம்ப்புக்கு தெரியிறது 2 ஓம், அது தாங்குறதுக்கும் கீழ. சத்தம் கூட்டினா கட் ஆகி கட் ஆகி வந்தது அதனாலதான். ஒரு சோடிய கழட்டிட்டோம்.

அடுத்தது டோர்ச்ல இருந்து 1.5 வோல்ட் பெட்டரி ஒன்ன எடுத்தாரு, ஸ்பீக்கர் வயர ஆம்ப்புல இருந்து கழட்டிட்டு, பிளஸ்ஸ சிவப்புல மைனஸ கறுப்புல லேசா ஒரு தொடு. இடது வூபர் (அடி சத்தம் போடுற பெரிய ஸ்பீக்கர்) டப்புனு வெளிய வந்துச்சு, வலது உள்ள போச்சு. வலது பெட்டிக்குள்ள வயர் மாறி இருக்கு! ஒன்னு காத்த தள்ளுற நேரம் மத்தது இழுக்குது, அடி சத்தம் ஒன்னையொன்னு தின்னுடும், பாடுறவங்க குரல் அவ்வளவா கொறையாது, அதான் இவ்வளவு நாள் எனக்கு வெளங்கல.

வயர மாத்திக் குடுத்த பிறகும் இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டார் சில இடத்துல காணாம போகுது. இதுதான் எனக்கு பெரிய பாடம். பன்னெண்டு அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 47 அதிர்வு) பக்கம், பத்து அடி அகலத்துக்கு 56 பக்கம் சத்தம் சுவருக்கு சுவர் மோதி நிக்கும், அது சுவரோரம் பலமா இருக்கும், சரியா நடுவுல ஒன்னுமே இருக்காது. பேஸ் கிட்டார்ல A கம்பி 55 ஹெர்ட்ஸ். என் கதிரை கெடந்தது நட்டநடுவுல! ரெண்டு அடி பின்னுக்கு இழுத்து ஒக்காந்தேன், அந்த சத்தம் நெஞ்சுல வந்து நின்னுச்சு, உண்மையிலயே கண் கலங்கிருச்சு.

சப்வூபருக்கு (அடி சத்தத்துக்குன்னே உள்ள தனிப் பெட்டி) இன்னொரு வேலை செஞ்சோம், அத நான் ஒக்கார்ற கதிரை மேல ஏத்தி வச்சு ஒரே பாட்ட திருப்பி திருப்பி போட்டு, நான் சுவரோரமா தவழ்ந்து போய் காத வச்சு கேட்டேன், எங்க சுருதி ஒன்னு விடாம சமமா கேக்குதோ அங்கதான் சப்ப வைக்கணும். மூலைக்குள்ள ஒட்டி வச்சா சத்தம் கூட வரும், ஆனா ஒரே சுருதி மட்டும் ஊதுது, மூலைய விட்டு ஒன்றரை அடி தள்ளினதும் தெளிஞ்சிருச்சு. ஆம்ப் வாட்ஸ ரெண்டு மடங்காக்கினாலும் கெடைக்கிறது 3 டெசிபெல்தான் (சத்தத்த அளக்குற அளவு), சுவர் பக்கம் கொண்டு போனாலே 6 வரைக்கும் ஏறும், சல்லி செலவில்ல.

சப்புக்கு நாங்க புடிச்ச எடம் வெளிச்சுவர் பக்கம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர், அங்க பாட்டி காலைல தேயிலைக் கொழுந்து பறிக்க போற மகளுக்காக வெள்ளனவே எழும்புறவங்க. தகரம் ஒரு எடத்துல கிறுகிறுனு அதிர்ந்துச்சு, பழைய சைக்கிள் டியூப் துண்ட வெட்டி ஆணிக்கு கீழ குடுத்தோம், நின்னுருச்சு. ராவைக்கு பாட்டிக்கிட்ட போய் கேட்டேன், "ஏம்புள்ள, இன்னிக்கு பாட்டே போடலயா"ன்னாங்க.