உம் கொட்டுகிற வேலை

பள்ளத்தூருக்குத் திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சென்னையில் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேட்பவர்களிடம் வங்கி வேலை என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையில் வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் இன்னொரு வேலையும் பார்த்தேன். சம்பளம் கிடையாது. தற்கொலைத் தடுப்பு மையம் ஒன்றில் போனை எடுத்துக் கேட்கிற வேலை. இதைச் சொன்னால் ஊரில் அடுத்த கேள்வி, “அவங்களுக்கு என்ன புத்தி சொல்வீங்க?” என்பதுதான். புத்தியே சொல்ல மாட்டோம் என்றால் ஒருத்தரும் நம்புவதில்லை.

அங்கே கேட்ட எதையும் இங்கே எழுதப் போவதில்லை. பேரைக் கேட்க மாட்டார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள் என்று நம்பித்தான் ஆட்கள் கூப்பிடுகிறார்கள். நான் சொதப்பியதை வேண்டுமானால் சொல்லலாம்.

பயிற்சியில் ஒருவர் போன் பண்ணுகிறவராக நடிப்பார், இன்னொருவர் கேட்க வேண்டும். எனக்கு வாய்த்த அம்மாள் கடனில் மூழ்கியவராக நடித்தார். நானோ வங்கிக்காரன். இரண்டாவது நிமிஷமே வட்டி, தவணை, ஒரே தடவையில் கட்டி முடிக்க வழி என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அந்த அம்மாள் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். பயிற்சி கொடுத்தவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அவங்க ராத்திரி தூங்குறாங்களான்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

எங்கள் அப்பத்தா கதை சொன்னால் உம் கொட்டியாக வேண்டும். நிறுத்தினால் தொடையில் கிள்ளு விழும். அந்த ‘உம்’முக்கு ஆமாம் என்று அர்த்தமில்லை, நீ செய்தது சரி என்றும் அர்த்தமில்லை. இங்கேதான் இருக்கிறேன், மேலே சொல், அவ்வளவுதான். ஆறு வயதில் தெரிந்திருந்ததை ஐம்பதுக்கு மேல் திரும்பப் படித்தேன்.

இந்த வேலை தொடங்கிய விதமே எனக்குப் பிடிக்கும். 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், சாக நினைக்கிறவர்கள் கூப்பிடட்டும் என்று தன் தேவாலயத்தில் போன் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கத் தொண்டர்கள் சிலர் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் பார்த்தால், வந்தவர்களில் பலர் டீயைக் குடித்து, தொண்டர்களிடமே மனசை இறக்கி வைத்துவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பிப் போயிருக்கிறார்கள். 1954 பிப்ரவரியில் அவர் அந்த வேலையைத் தொண்டர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் ஆரம்பித்த சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்திலும் கேட்பவர்கள் தொண்டர்கள்தான். மருந்து வேண்டியவருக்கு டாக்டர் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் டாக்டர்வரை போய்ச் சேர அதற்கு முன்னால் ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே.

உம் கொட்டுவதைவிடக் கஷ்டமானது ஒன்று உண்டு. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பது. கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லாருக்கும் பயம். அப்படி ஆவதில்லை என்றுதான் ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இருந்தாலும் நாக்கு கூசும்.

ஐப்பசியில் அடுத்த தெரு ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். (கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரைப் போடாதே என்பது உத்தரவு.) நாலு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. மூன்று பங்கு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆச்சி ஒரு பித்தளைச் செம்பை எடுத்து என் கையில் கொடுத்தார். கல்யாணத்துக்குச் சீராக வந்தது, கழுத்துக்குக் கீழே அவருடைய அப்பச்சியின், அதாவது அப்பாவின், பேரெழுத்து வெட்டியிருக்கும். “நீ வச்சுக்க தம்பி. தாம்பாளம், கூஜா எல்லாம் நாலு வீட்டுக்குக் கொடுத்துட்டேன்.”

சீர்ச் சாமானை அப்படிச் சும்மா கொடுக்கிற ஊர் இல்லை இது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேட்டுவிட்டேன். “ஆச்சி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?”

கட்டுக்கம்பியில் தொங்கிய துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “ராத்திரியில தோணுது” என்றார்.

பெரியவனுக்குப் போன் போடட்டுமா என்று வாய்வரை வந்தது. கடித்துக்கொண்டேன். உம் என்றேன். மழை விட்ட பிறகும் பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை, “வெளியில தெரிஞ்சா போலீசு கீலீசு வருமா?” என்று கேட்டார். “சட்டமே மாறிப்போச்சு ஆச்சி. முயற்சி பண்ணினவங்களையே மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பார்க்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017-லயே சட்டம் போட்டுட்டாங்க. நீங்க மனசுல இருக்குறதைச் சொன்னீங்க, அவ்வளவுதானே” என்றேன்.

அன்று ராத்திரி என் மனைவி பாயை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே படுத்தாள். அவர் சரி என்ற பிறகு பிள்ளைகளிடம் பேசினோம். அந்த வாரமே காரைக்குடியில் டாக்டரைப் பார்த்தோம், மாத்திரை ஓடுகிறது. 14416 என்ற எண்ணை அவர் பால்கணக்கு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி சேவை. இலவசம், ராப்பகல் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஒரு ராத்திரி கூப்பிட்டாராம். “எவளோ ஒரு புள்ள, பொறுமையாக் கேட்டுச்சு” என்றார்.

போன வாரம் ஆச்சி வாசலில் வந்து நின்று செம்பைத் திருப்பிக் கேட்டார். மனைவி புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எழுத்து வெட்டின இடத்தில் அழுக்கு அப்படியே இருக்கிறது என்று குறை சொல்லி அனுப்பியிருக்கிறார்.