தீயை அணைப்பவரே வழக்கும் எழுதுகிறார்

பிப்ரவரி பிறந்துவிட்டால் என் சித்தப்பா காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து வடக்கே பார்ப்பார். முதுமலையில் வனக் காப்பாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்து, ஓய்வுபெற்ற பின் கூடலூரிலேயே குடியிருக்கிறார். மலைச்சரிவில் படிந்திருப்பது பனியா புகையா என்று எனக்குப் புரிவதற்குள் அவர் சொல்லிவிடுவார். வெயில் ஏறினால் பனி கலையும், புகை தடிக்கும். இந்தப் பாடத்தை அவரிடம் கற்றுக்கொண்ட நான், வனத்துறையினரின் வேலையைப் பற்றிப் பொதுவில் பேசப்படாத ஒன்றை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். காட்டில் குற்றவாளியைப் பிடிக்க வேண்டியவரும் தீயை அணைக்க வேண்டியவரும் ஒரே ஆள்தான். கோடைக்காலத்தில் இந்த இரண்டு கடமைகளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அவரை அழைக்கின்றன.

முதுமலைச் சரணாலயம் 1940இல் தோன்றியது. இன்று 321 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அதன் உட்பகுதியில் 103 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக உள்ளது. 2007இல் அது புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மேற்கே கூடலூர்ப் பக்கம் நல்ல மழை பெய்தாலும், கிழக்கே மசினகுடியை நோக்கிச் செல்லச் செல்ல மழை குறைந்து முட்காடு தொடங்கிவிடும். இடைப்பட்ட பகுதியில் தேக்கும் வெக்காலியும் தை மாதத்துக்குள் இலையை உதிர்த்து நிலம் முழுவதும் சருகைப் பரப்புகின்றன. இடுப்பளவு வளர்ந்த புல்லும் காய்ந்து நிற்கும். இவற்றோடு, வெள்ளையர் அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட உண்ணிச்செடி இன்று காட்டின் அடித்தளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், தரையோடு போக வேண்டிய தீ அதைப் பற்றிக்கொண்டு ஆளுயரத்துக்கு எழும்புகிறது. இடிமின்னலால் தீப்பிடிக்கும் என்பவர்கள் உண்டு. ஆனால் இங்கே மின்னல் பெரும்பாலும் கோடைமழையோடு சேர்ந்தே வரும். பிப்ரவரியில், மேகமே இல்லாத வானத்தின் கீழ் எரியும் காட்டுக்குப் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அந்தக் கை யாருடையது என்பதில்தான் சிக்கல். மான்கள் உதிர்க்கும் கொம்புகளைப் பொறுக்குபவர் புல்லைக் கொளுத்தினால் தேடுவது எளிது. மாடு மேய்ப்பவருக்கு எரிந்த நிலத்தில் முதல் மழைக்குப் பின் இளம்புல் கிடைக்கும். சாலையோரம் வண்டியை நிறுத்திப் பீடியை வீசுபவருக்கு எந்த நோக்கமும் இல்லை. இவர்களைவிடச் சித்தப்பா அஞ்சியது பகை கொண்டவரைத்தான். நேற்று மாட்டைப் பிடித்து அபராதம் போட்டிருந்தால், இன்று அந்தப் பீட்டிலேயே, அதாவது அந்த வனக் காப்பாளரின் காவல் பகுதியிலேயே, புகை எழும். காய்ந்த யானைச் சாணத்துக்குள் நெருப்பை வைத்துவிட்டுப் போனால் அது நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். சருகு பற்றும் வேளையில் வைத்தவர் வீட்டில் உட்கார்ந்து சோறு உண்டுகொண்டிருப்பார்.

சட்டம் வலுவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 30ஆம் பிரிவில் சரணாலயத்துக்குள் தீ வைப்பதையும், அதற்கு ஆபத்து நேரும் வகையில் நெருப்பு மூட்டுவதையும், எரியும் நெருப்பை அப்படியே விட்டுச் செல்வதையும் தடைசெய்கிறது. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். 50ஆம் பிரிவு சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் பிடியாணை இன்றிக் கைதுசெய்யவும் அதிகாரம் தருகிறது. காவல்துறையில் சார்பு ஆய்வாளருக்குக் குறையாதவருக்கே உள்ள இந்த அதிகாரத்தை, வனத்துறையில் எந்த வன அலுவலரும் பயன்படுத்தலாம். ஆனால் என் மனத்தில் நின்றது 27ஆம் பிரிவு. சரணாலயத்துக்குள் குடியிருக்கும் ஒவ்வொருவரும், தமக்குத் தெரியவரும் தீயை அணைக்கவும், குற்றம் செய்தவரைக் கண்டறிய உதவவும் கடமைப்பட்டவர் என்கிறது அது. சந்தேகப்படுவதும் அவர்களைத்தான், துணைக்கு அழைப்பதும் அவர்களைத்தான் என்ற நிலையைச் சட்டமே ஏற்படுத்தி வைத்திருக்கிறது.

சித்தப்பா ஒரு மார்ச் மாத நண்பகலைப் பற்றிச் சொல்வார். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருவரோடு ரோந்து போனபோது ஓடைக்கு அப்பால் புகை எழுந்தது. அதே வேளையில் மாட்டுத்தடத்தில் ஒருவர் ஓடுவதும் தெரிந்தது. துரத்தியிருந்தால் பிடித்திருக்கலாம். ஆனால் மூவரில் ஒருவர் துரத்தினால்கூட மிச்சம் இருவர்தான், காற்றும் ஓடையை நோக்கி இல்லை, தீ அங்கே போய் அடங்கும் என்று நம்ப முடியாது. பச்சைக் கொப்புகளை ஒடித்துக்கொண்டு தீயின் பக்கவாட்டில் அடித்துக்கொண்டே போனார்கள். முன்புறம் நெருங்க முடியாத வெப்பம். பின்னர் வண்டிப்பாதை ஒன்றை எட்டி, அதன் ஓரத்தில் எதிர்த்தீ வைத்து, இரண்டு நெருப்பும் ஒன்றையொன்று சந்தித்து அடங்கும்வரை நின்றார்கள். அதன் பிறகும் வேலை முடிவதில்லை. புகைந்துகொண்டிருக்கும் கட்டைகளை எல்லைக்குள் உருட்டிவிட வேண்டும், பட்டமரங்களை இரவெல்லாம் கவனிக்க வேண்டும். காய்ந்த மூங்கில் வெடித்தால் பொறி பறந்து அந்த எல்லையைத் தாண்டிவிடும். அந்த இருட்டில் தீக்குப் பயந்து இடம்பெயரும் யானைகள் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதும் தெரியாது.

மறுநாள் அதே மூவர் குற்ற இடத்துக்குத் திரும்பி, அங்கே கண்டதைப் பதிவுசெய்யும் மகஜரை எழுதினார்கள். கற்களின் எந்தப் பக்கம் கருத்திருக்கிறது என்பதைப் பார்த்துத் தீ வந்த திசையை அறிந்து, தொடங்கிய இடத்தை ஏறத்தாழ அடையாளம் கண்டார்கள். ஆனால் காலடித் தடங்களை அவர்களுடைய செருப்புகளே அழித்திருந்தன, மற்றவற்றைத் தீ தின்றிருந்தது. ஓடியவர் யார் என்று சித்தப்பா ஊகித்திருந்தார், நிரூபிக்கும் சாட்சியம் கையில் இல்லை. அடையாளம் தெரியாத நபர் என்று எழுதியதற்காக மேலதிகாரி ஒருவர் கடுமையாகக் கடிந்துகொண்டார். ஊகத்தின்மேல் பெயரை எழுதியிருந்தால் நீதிமன்றத்தில் வழக்கு நிற்காது, ஊரில் பகை மட்டும் நிற்கும் என்று சித்தப்பா இன்றும் வாதிடுகிறார். அவர் செய்தது சரி என்றே நானும் நம்புகிறேன்.

பிற காடுகளில் நடந்தவற்றைப் பார்த்தால் இந்த வேலையின் விலை புரியும். 2017 பிப்ரவரியில் அண்டையில் உள்ள கர்நாடகத்தின் பந்திப்பூரில் தீயணைக்கச் சென்ற வனக் காவலர் ஒருவர் உயிரிழந்தார். 2019 பிப்ரவரியில் அதே பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்தது. அப்போது விமானப்படை ஹெலிகாப்டர்கள் நீர் சுமந்து வந்து கொட்டின. அந்தப் படங்களைத்தான் எல்லோரும் பார்த்தோம், கீழே கொப்போடு நின்றவர்களை அல்ல. 2020இல் கேரளத்தின் கொற்றம்பத்தூரில் மூன்று வனப் பணியாளர்கள் தீயில் மாண்டார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்த பிறகுதான், தீக்காலத்தில் மலையேற்றத்துக்குத் தடை என்பதை நம் மாநிலம் உறுதியான விதியாக்கியது.

இப்போது செயற்கைக்கோள் கண்டறியும் வெப்பப் புள்ளிகள், டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வழியாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகின்றன. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அந்தச் செயற்கைக்கோள் காட்டைக் கடந்து செல்லும் நேரத்துக்கு இடைப்பட்ட வேளையில் தொடங்கும் தீ, செய்தி வருவதற்குள் ஒரு சரிவையே முடித்துவிடும். செய்தி கிடைத்த பின்னும் நடந்துதான் போக வேண்டும்.

தீயை முற்றிலும் தடுப்பதே சரியா என்ற கேள்வியும் இருக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் பழங்குடிகளான சோளகர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே சருகை மட்டும் மெல்ல எரிக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். அதற்குத் தரகு பெங்கி என்று பெயர். அது தடைசெய்யப்பட்ட பின் உண்ணிச்செடி பெருகிவிட்டது என்று அவர்கள் சொல்வதை நான் ஒதுக்க மாட்டேன். வனத்துறை பனிக்காலம் முடிவதற்குள் சாலையோரங்களில் புல்லையும் சருகையும் வெட்டி எரித்து, தீ தாண்டாதபடி உருவாக்கும் தீத்தடுப்புக் கோடும் ஏறத்தாழ அதே அறிவுதான். அதை எங்கே, எப்போது, எவ்வளவு எரிப்பது என்பதில் அங்கேயே பிறந்தவர்களின் சொல்லுக்கு இடம் தர வேண்டும்.

ஏனென்றால் அந்தக் கோட்டை வெட்டுபவர்களே அவர்கள்தான். வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பெரும்பாலோர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், பணியர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். தொகுப்பூதியத்தில் இருந்துகொண்டு இரவில் வேட்டைக்காரரையும் பகலில் தீயையும் எதிர்கொள்கிறார்கள். தடித்த காலணி, குடிநீர், காப்பீடு, மாதந்தவறாத ஊதியம் ஆகியவை தை மாதத்துக்குள் அவர்கள் கைக்கு வந்துசேர வேண்டும்.

ஓடையருகே அன்று ஓடியவர் என்று சித்தப்பா ஊகித்த மனிதரை, அடுத்த ஆண்டு தீக்காலத்தில் அதே பீட்டுக்குத் தற்காலிகத் தீக்காவலராகச் சேர்த்துக்கொண்டார்கள். பரிந்துரைத்தவர் சித்தப்பாதான். அந்த நண்பகலைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. போன மார்ச்சில் ஒரு மாலை அந்த மனிதரிடமிருந்து சித்தப்பாவுக்கு அழைப்பு வந்தது. ஓடைக்கரையில் பிடித்த தீ வண்டிப்பாதையோடு நின்றுவிட்டது, வனச் சரக அலுவலகத்துக்குச் சொல்லியாயிற்று, தானும் இன்னும் நால்வரும் விடியும்வரை கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று தெரிவித்தார். பேசி முடித்ததும் சித்தப்பா வாசலுக்கு வந்து வடக்கே பார்த்தார்.