1.7 கிலோ கதிரையும் எங்கட மரக்காலைத் தேக்கும்

இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஜியோ பொன்ட்டி (1891–1979) என்றால் மிலானில் நிற்கும் 127 மீற்றர் பிரெல்லிக் கோபுரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். திருகோணமலையில் உளி பிடிக்கிறவருக்கு அதைவிட உதவுவது அவருடைய சூப்பர்லெஜெரா கதிரை. கசினா நிறுவனம் 1957இல் செய்து விற்கத் தொடங்கியது. எடை 1.7 கிலோ, கலியாண வீட்டு பிளாஸ்டிக் கதிரை இதைவிடப் பாரம். இத்தாலியில் கியாவரி என்ற கரையோர ஊரின் பழைய பின்னல் கதிரைதான் இதற்கு மூலம். பொன்ட்டி புதிதாகக் கண்டுபிடித்ததைவிடச் செதுக்கிக் கழித்ததே அதிகம்.

காலின் வெட்டுமுகம் முக்கோணம், பக்கம் 18 மில்லிமீற்றர். அதே அகலச் சதுரக் காலோடு பார்த்தால் மரம் பாதிக்கும் குறைவு. அது ஆஷ் மரம். நார் நேராக ஓடும், வளைந்து கொடுக்கும். எங்கட முதிரையில் நார் பின்னி ஓடும், பாரமும் கூட. இந்த வேலைக்குச் சரிவராது. தேக்கு எடுக்கலாம், ஆனால் 18இல் செய்தால் முறியும். 24 வையுங்கள். கதிரை மூன்று கிலோவை நெருங்கும், பரவாயில்லை. முடிச்சுள்ள பலகையையும், நார் சரிந்து ஓடுவதையும் மரக்காலையிலேயே தள்ளிவிட வேணும்.

முறிவது பெரும்பாலும் பொருத்தில்தான். முன்சட்டத்துக்கும் பக்கச்சட்டத்துக்கும் ஒரே மட்டத்தில் துளை போட்டால் காலுக்குள் மரமே மிஞ்சாது. ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கிப் போடுங்கள். சட்டத்தின் நுனியில் செதுக்கும் கழுந்து துளைக்குள் கைத்தட்டோடு இறுகவேணும். சுத்தியலால் அடித்து இறக்கினால் கால் பிளக்கும். ஆணி வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடித்து மரத்தையும் கறுப்பாக்கும். மாரியில் ஈரமேறிய மரத்தில் பொருத்தினால் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் கழுந்து சுருங்கி ஆடத் தொடங்கும். மரத்தை நிழலில் நன்றாக உலரவிட்டபிறகே கழுந்து வெட்டுங்கள்.

இந்தக் கதிரையை நாலாம் மாடியிலிருந்து போட்டுச் சோதித்த கதையை எல்லாரும் சொல்வார்கள். உண்மையான சோதனை, சாப்பிட்டு முடித்துப் பின்காலில் சாய்ந்து ஆடுகிற ஆள்தான்.

இருக்கைப் பிரம்பை அரை மணித்தியாலம் ஊறவைத்து ஈரத்தோடு பின்னுங்கள்; காயும்போது தானே இறுகும். காய்ந்தபடி பின்னினால் சில நாளில் தொய்யும். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் மெல்லிய சட்டம் உள்ளே வளையும், அதனால் பின்னி முடியும்வரை நடுவில் ஒரு முட்டுக்கட்டை கொடுக்கவேணும். அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் பூசாதீர்கள். கச்சான் காலத்தில் பிரம்பு வறண்டு வெடிக்கும். அந்தப் பக்கத்தால்தான் ஈரத்துணி ஒற்றி அதற்குத் தண்ணீர் காட்டலாம்.