தலைவரின் விமானமும் கேன்டீன் சிலிண்டரும்

அம்பத்தூரில் ஆலை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில், ஆண்டுதோறும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையைத் தயாரிப்பது என் வேலை. பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகம் சார்ந்த தங்கள் நடவடிக்கைகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2022-23 நிதியாண்டு முதல், பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி கட்டாயமாக்கியது. எத்தனை டன் கரியமில வாயுவை வெளியேற்றினோம் என்பது அதில் ஒரு பகுதி. அது என் தலையில் விழுந்தது.

நாங்களே எரிக்கும் எரிபொருளிலிருந்தும் எங்கள் கருவிகளிலிருந்தும் நேரடியாக வெளியேறுவது ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. இரண்டும் கட்டாயம் என்பதால் சல்லடை போட்டுச் சலிப்போம். ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசல், ஏ.சி.க்கு நிரப்பிய வாயு, ஏன், தீயணைப்புக் கருவியில் மறுபடி அடைத்த வாயுவின் எடைகூடக் கணக்கில் வரும். சிலிண்டர் ரசீதுக்காகக் கேன்டீன் மாஸ்டரிடம் போய் நிற்காத மாதமில்லை. "சாம்பாருக்கும் கணக்கா, தம்பி?" என்பார். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் ஏறத்தாழ 57 கிலோ கரியமில வாயு. ஆமாம், சாம்பாருக்கும் கணக்குதான்.

மற்றவை எல்லாம் ஸ்கோப் 3. மூலப்பொருள், லாரி வாடகை, அலுவல் பயணம் என்று நீளும் இந்தப் பட்டியல், படிவத்தில் விருப்பமிருந்தால் நிரப்பும் பகுதியில் இருக்கிறது. எங்கள் தலைவர் வாடகைக்கு எடுக்கும் தனி விமானமும் இங்கேதான் வரும். (சொந்தமாக வாங்கியிருந்தால் ஸ்கோப் 1ல் மாட்டியிருக்கும், வாடகைக்கு எடுப்பதில் இப்படியும் ஒரு வசதி.) "கணக்கிடும் பணி நடைபெற்றுவருகிறது" என்ற வரி ஆண்டுக்கு ஆண்டு நகலெடுக்கப்படுகிறது. நான் ஒருநாள் சும்மா போட்டுப் பார்த்தேன். தனி விமானம் ஒரு மணி நேரம் பறந்தால் சுமார் 2 டன். துபாய்க்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால் போவதற்கு மட்டும் 8 டன், அதாவது 140 சிலிண்டர்.

துபாய் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று ஐ.நா.வின் 28ஆவது பருவநிலை மாநாடு அங்கே தொடங்கியது. மாநாட்டுத் தலைவர் சுல்தான் அல் ஜாபர், அபுதாபி அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும்கூட. அந்த மாநாட்டை ஒட்டி 644 தனி விமானப் பயணங்கள் நடந்ததாக மறுவருடம் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. எங்கள் தலைவரும் போயிருந்தார்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்தது. நாங்கள் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பச்சைப் பின்னணியில் தலைவர் பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும் படம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே ஒருவர் பாக்கியில்லாமல் கைகூப்பியிருந்தார்கள்.

பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "நெருப்பு சுடும் என்று நம்புகிறவன் அதில் கையை வைப்பானா, தம்பி? இதெல்லாம் பொய். அவரே நம்பவில்லை, நமக்கு மட்டும் வகுப்பெடுக்கிறார்" என்றார். ஓய்வுபெற இருந்த மனிதர். கொரட்டூரில் அவர் வீட்டிலும் அன்று முழங்கால் அளவு தண்ணீர். என்ன பதில் சொல்வது? மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தலைவரின் பேச்சுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் எனக்கும் தோன்றியிருக்கிறது.

ஆனால் நான் வேறு கோப்புகளையும் பார்க்கிறவன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் துணைமின் நிலையத்தின் பீடத்தை உயர்த்தினார்கள். தரைத்தளத்தில் இருந்த சர்வர் அறை இரண்டாம் மாடிக்குப் போனது. புதிய கிடங்குக்கு நிலம் பார்க்கும்போது, விலைக்கு முன்பாகத் தலைவர் கேட்பது தரைமட்டத்தையும் பக்கத்து ஏரியையும் பற்றித்தான். அந்தக் கோப்புகளில் வருங்காலத் தலைமுறை, பூமித்தாய் போன்ற சொற்கள் எதுவும் இருக்காது. மழை இனி இன்னும் மோசமாகப் பெய்யும் என்ற கணக்கும், அதற்கான செலவும், கீழே அவர் கையெழுத்தும் இருக்கும். நம்பாதவர் அவ்வளவு பணத்துக்குக் கையெழுத்திட மாட்டார்.

இது எங்கள் தலைவரின் தனிக்குணமும் அல்ல. வட கடலில் இயற்கை எரிவாயு எடுக்கத் திட்டமிட்ட மேடையை, கடல்மட்டம் உயரும் என்று கணக்கிட்டு ஷெல் எண்ணெய் நிறுவனம் ஓரிரு மீட்டர் உயர்த்தி வடிவமைத்த செய்தி 1989ல் வெளிவந்தது. அதே ஆண்டில் உருவான, பெரிய தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான குளோபல் கிளைமேட் கோயலிஷன், புவி வெப்பமாதலுக்கு மனிதர்தான் காரணமா என்ற சந்தேகத்தைப் பல ஆண்டுகள் கிளப்பிக்கொண்டிருந்தது. ஷெல் 1998 வரை அதில் அங்கம் வகித்தது. வரைபடம் போட்டவர்கள் நம்பினார்கள்; வெளியே பேசியவர்கள் சந்தேகப்பட்டார்கள். எங்கள் தலைவரிடம் இது வேறு விதமாக இருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளம் வரும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. தானும் எதையாவது விட வேண்டும் என்ற பாதிதான் அவருக்குள் இறங்கவில்லை. மேடையில் இரண்டு பாதியையும் ஒரே குரலில் சொல்வதால், கேட்கிறவர்கள் முழுவதையும் பொய் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அவர்மேல் உள்ள கோபம் இதற்குத்தான். விமானத்தின் 8 டன்னுக்காகக்கூட அல்ல.

தண்ணீர் வடிந்த பிறகு மேற்பார்வையாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். துணைமின் நிலையத்துக்குள் அன்று சொட்டு நீர் ஏறாததை அருகிலிருந்து பார்த்தவர் அவர். சற்று யோசித்துவிட்டு, "சரி, நம்புகிறார் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரை யார் உயர்த்துவார்கள்?" என்று கேட்டார்.

நான் சொன்ன எதிலும் அதற்கு விடை இல்லை. "இதெல்லாம் பொய்" என்ற பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை. தலைவரின் பேச்சைக் கேலி செய்வதை மட்டும் ஓய்வுபெறும் நாள்வரை விடவில்லை. அதை நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.