திரிந்துபோகும் இன்டர்லூகின்-2

டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளையணு) லேபில் வளரவில்லை என்றால் முதல் பழி அதை வளரத் தூண்டும் இன்டர்லூகின்-2 மேல்தான் விழும். பாதிக்கு மேல் தப்பு அதைக் கரைத்த கையில் இருக்கும்.

133 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம் அது. அதில் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலம் மூன்று இடத்தில் உண்டு. 58-வது இடத்தில் இருப்பதும் 105-ல் இருப்பதும் சேர்ந்து பிணைந்தால்தான் வேலை செய்யும் வடிவம் வரும். 125-ல் இருப்பதற்கு ஜோடி கிடையாது. அந்த இரண்டில் ஒன்றை இழுத்துக்கொள்ளும், இல்லையென்றால் பக்கத்து மூலக்கூறோடு ஒட்டும். அந்த 125-ஐ செரீன் என்ற வேறு அமினோ அமிலமாக மாற்றியதுதான் 1992-ல் அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற ஆல்டெஸ்லூகின்.

அப்படியும் திரியும். பொடியாக வருவதை நேராக பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் போட்டால் சரியாகக் கரையாது. குப்பியோடு வரும் தாள் வேறு சொல்லாவிட்டால், 0.1% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தின் ஆல்புமின் புரதம்) கலந்த 100 மில்லிமோலார் அசிட்டிக் அமிலத்தைச் சுவரோரமாக விடுங்கள். வோர்டெக்ஸ் (குலுக்கும் கருவி) வேண்டாம், நுரைத்தால் கெட்டது. பிஎஸ்ஏ இல்லாவிட்டால் புரதம் டியூப் சுவரிலேயே தங்கிவிடும். 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள். காட்பாடியில் கரண்ட் போய் உருகினதை மறுபடி உறைய வைத்து "இருக்கட்டும்" என்று விடாதீர்கள்.

டி செல் எடுக்க வேண்டிய ரத்தம் கத்திரி வெயிலில் சித்தூரிலிருந்து வந்தால் ஐஸ் மேல் வைத்துத்தான் அனுப்புவார்கள். அது வேண்டாம். ஃபைகால் என்ற அடர்த்தியான கரைசல் மேல் ரத்தத்தை விட்டுச் சுழற்றி செல்லைப் பிரிக்கும்போது ரத்தமும் ஃபைகாலும் 18–20 டிகிரியில் இருக்கணும். குளிர்ந்தால் சிவப்பணு மெதுவாகத் திரளும், சரியாகப் பிரியாது. ஏசி இல்லாத அறைச் சூட்டில் வேகமாகத் திரண்டு, நமக்கு வேண்டிய செல்லையும் சேர்த்துக் கீழே இழுத்துப் போய்விடும். 400 ஜி, 30 நிமிடம், பிரேக் போடாமல்.

வளர்ப்பில் மில்லிக்கு 100 யூனிட் இன்டர்லூகின் போதும். 2–3 நாளுக்கொரு முறை மில்லிக்கு 5 லட்சம் செல்லாகப் பிரியுங்கள். அப்போது புது மீடியத்துக்கு மட்டும் கணக்கு போடாதீர்கள், மொத்த அளவுக்கும் போடுங்கள். பழையதில் இருந்ததைச் செல் தின்று தீர்த்திருக்கும்.

'சூப்பர்-2' என்ற மாற்றிய இன்டர்லூகின்-2 வாங்கலாமா? 2012-ல் வந்த அது பீட்டா ஏற்பியை (செல் மேல் இன்டர்லூகினைப் பிடிக்கும் புரதங்களில் ஒன்று) சுமார் 200 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். 2019-ன் நியோ-2/15 கணினியில் அடியிலிருந்து வரைந்தது, இன்னொரு ஏற்பியான ஆல்ஃபாவைத் தொடவே தொடாது. உடம்புக்குள் இதற்கு அர்த்தம் உண்டு: ஆல்ஃபா நிறைய வைத்திருக்கும் ஒழுங்குபடுத்தும் (மற்ற டி செல்லை அடக்கும்) டி செல்கள்தான் சாதா இன்டர்லூகினை முதலில் அள்ளும். வளர்ப்புத் தட்டில், சிடி3/சிடி28 பீட்ஸ் (டி செல்லைத் தூண்டும் நுண்மணிகள்) போட்டுத் தூண்டிய பிறகு எல்லா டி செல்லிலும் ஆல்ஃபா முளைத்திருக்கும். அங்கே சாதாவே போதும். அந்தக் காசுக்கு நல்ல சீரம் வாங்கலாம். தூண்டாத என்கே செல் (இன்னொரு வகை வெள்ளையணு) வளர்ப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.